மைக் செட்காரரைத் தெரியுமா? குமரியிலிருந்து மேடைக்கும் திரைக்கும்

நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறத்தாழ 700 கிலோமீட்டர். திருவனந்தபுரம் 70. நடிப்பு, பாட்டு, மிமிக்ரி, மேடைத் தொகுப்பு என்று ஏதாவது ஒன்றில் பிழைக்க நினைக்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் முதலில் ஏறுவது சென்னை ரயிலில்தான். மாலையில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், விடிந்தால் எழும்பூர், மறுநாள் வடபழனியிலோ சாலிகிராமத்திலோ நாலு பேர் பங்கு போடும் அறை. யாரைப் போய்ப் பார்ப்பது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. அது தெளிவதற்குள் கொண்டுபோன காசு தீர்ந்துவிடும்.

அந்த ரயிலில் ஏறுவதற்கு முன் ஊரிலேயே செய்ய வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறோம். ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் திரைக்கு வந்தது 1930களின் நடுவில். அதற்கு முன்னால் வில்லுப்பாட்டு, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழு என்று ஆண்டுக்கணக்கில் மேடையிலேயே கிடந்தவர். அன்றைக்குப் பேசும் படங்களுக்கு ஆள் கொடுத்ததே நாடகக் குழுக்கள்தான். இன்றைக்கு அப்படி ஒரே கூரை கிடையாது. கொடை எனும் ஊர்க் கோயில் விழா மேடை, தேவாலயப் பங்குத் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, வானொலி, குறும்படம் என்று சிதறிக் கிடக்கிறது. சிதறியதைக் கோத்து வைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலில் பாதி வேலை.

ஊர் மேடையின் கணக்கு

முதலில் காலண்டர். மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் விழா. பங்குனி, சித்திரை, வைகாசியில் அம்மன், இசக்கி, சுடலைமாடன் கொடைகள். ஆடி அமாவாசையை ஒட்டிக் குழித்துறை வாவுபலி பொருட்காட்சி. ஓணத்துக்கு விளவங்கோடு பக்கத்துக் கிளப்புகளின் போட்டிகள். நவம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் 3 வரை கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா, அதே சூட்டில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகள், மார்கழியில் சுசீந்திரம் கோயில் திருவிழா. ஜனவரி, பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழாக்கள். நடனம் சொல்லித் தரத் தெரிந்தவருக்கு அந்த இரண்டு மாதமும் ஓய்வே இருக்காது. நமக்கு மழை இரண்டு பருவம். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் திறந்த மேடை நிகழ்ச்சி குறையும், வைத்தாலும் ரத்தாகும் வாய்ப்பு அதிகம். படம் பிடிக்க, பயிற்சி எடுக்க, வெளியூர் போய் ஆட்களைப் பார்க்க அந்த மாதங்களை ஒதுக்கி வையுங்கள்.

எந்த நாள் வில்லுப்பாட்டு, எந்த நாள் இன்னிசை, யார் தொகுப்பு என்பதை முடிவு செய்வது ஊர்க்கூட்டம். தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் விழா வரி பேசும் அதே கூட்டத்தில் இதுவும் பேசப்படும். நோட்டீஸ் அச்சுக்குப் போய்விட்டால் மாற்றமாட்டார்கள். அதனால் திருவிழாவுக்கு இரண்டரை, மூன்று மாதம் முன்பே அந்தக் கூட்டத்தில் யாராவது உங்கள் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். கொடிமரம் நட்ட பிறகு தலைவர் வீட்டுக்குப் போய், "அண்ணாச்சி, ஒரு சான்ஸ்" என்று நிற்பதில் பயனில்லை. மரியாதைக்காக உட்காரவைத்துச் சாயா தருவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பெயரைச் சொல்பவர் யார்? பலரும் ஊர்த் தலைவரையும் அரசியல்காரரையும் தேடுகிறார்கள். எங்களைக் கேட்டால் முதலில் பழக வேண்டியவர் மைக் செட்காரர். ஒரு சீசனில் பல ஊர் மேடைகளில் எல்லாக் குழுக்களையும் கடைசி வரை உட்கார்ந்து கேட்பவர் அவர் ஒருவர்தான். எந்தக் குழு நேரத்துக்கு வரும், எந்தப் பாடகருக்குச் சுருதி போகும், எந்தத் தொகுப்பாளர் கூட்டத்தைப் பிடித்து வைப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "நல்ல ஆங்கர் யாராவது உண்டுமா?" என்று கமிட்டிக்காரர்கள் கேட்பதும் அவரிடம்தான். அடுத்தவர், திருவிழா நோட்டீஸ் அடிக்கும் அச்சகக்காரர். எந்த ஊரில் எப்போது விழா என்பது முதலில் தெரிவது அவருக்கு. மூன்றாவது, விழாவை லைவாக ஒளிபரப்பும் வீடியோக் குழு. நீங்கள் மேடையில் நிற்கும் சுத்தமான காட்சி அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நிகழ்ச்சி முடிந்த அன்றே ஒரு பென் டிரைவைக் கொடுத்துக் கேட்டால் கிடைக்கும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அழித்திருப்பார்கள்.

மைக் செட்காரரிடம் நல்ல பெயர் வாங்கச் சிரித்துப் பேசினால் போதாது, அவர் வேலை உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் மைக் சோதித்துக்கொள்ளுங்கள். மைக்கைத் தட்டாதீர்கள், ஊதாதீர்கள். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது மிமிக்ரிக்காரர்களின் வழக்கம். முன்பக்க ஒலியை மட்டும் வாங்கும்படி செய்யப்பட்ட மைக், பொத்தினால் பின்பக்கத்தையும் சேர்த்து வாங்கும், உடனே கூவும். ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கோடு நடந்தாலும் அதேதான். வாய்க்கும் மைக்குக்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். அதைவிட ஒட்டினால் அடித்தொண்டை ஒலி பெருத்துச் சொல் தெளியாது. தூரம் போனால் அவர் சத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், மறுபடியும் கூவல்.

டிராக், அதாவது பதிவு செய்த பின்னணி இசை வைத்துப் பாடுபவர்கள் பாட்டுகளைப் போனில் மட்டும் நம்பி வைக்கக் கூடாது. பென் டிரைவில் ஒரு நகல் வேண்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போடாமல் பாடி, பாதிப் பல்லவியில் யாரோ அழைத்து, ரிங்டோன் ஊர் முழுக்கக் கேட்ட மேடைகள் நம் பக்கம் ஏராளம். புளூடூத்தும் வேண்டாம், கூட்டத்தில் அறுந்துபோகும். போனிலிருந்து மிக்சருக்குப் போகும் கம்பியைச் சொந்தமாகவே வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை, ஆனால் பையில் இல்லாதபோதுதான் தேவைப்படும்.

நேரமும் முக்கியம். ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. பண்டிகை நாட்களுக்கு மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. போலீஸ் வந்து நிறுத்தச் சொன்னால் வெட்டுப்படுவது கடைசிக் கலைஞரின் நேரம். எனவே முன்னால் இருக்கும் நிகழ்ச்சி இழுத்துக்கொண்டு போகும்போதே, உங்கள் ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு 40 நிமிட வடிவமும் 20 நிமிட வடிவமும் கையில் இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குள் கச்சிதமாக முடித்துக் கொடுப்பவரைக் கமிட்டி மறக்காது.

புதிதாக வருபவருக்கு எந்த இடம் நல்லது என்று கேட்டால், தொகுப்பாளர் இடம் என்றே சொல்வோம். பாடகர் வருவார், பாடுவார், போவார். தொகுப்பவர் கமிட்டியிடமும் பேச வேண்டும், சவுண்டுக்காரரிடமும் பேச வேண்டும், வந்த கலைஞர் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் முப்பது பேர் பழக்கம். ஒரு எச்சரிக்கை: ஊர்ப் பெரியவர்களின் பெயரும் வரிசையும் தப்பினால் அந்த ஊர் முடிந்தது. பெயர்ப் பட்டியலைக் கமிட்டிச் செயலாளரிடம் எழுத்தில் வாங்கி, உச்சரிப்பை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு மேடை ஏறுங்கள்.

வில்லுப்பாட்டுக்கு வர நினைப்பவருக்குப் பாதை வேறு, நீளமானது. வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. குடமோ உடுக்கையோ கற்றுக்கொண்டு பின்பாட்டுக்குப் போய் உட்கார்ந்தால்தான் கதைகள் காதில் ஏறும். பின்பாட்டுக்காரர் சரியான இடத்தில் "ஆமாம்" போடத் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் கதை பாடும் புலவரின் ஓட்டமே தடைபடும். கதையைப் புத்தகத்தில் படித்து மேடை ஏறுபவர்களைக் கொடை பார்த்து வளர்ந்த கிழவிகள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்து அட்டை வாங்கி வையுங்கள். மாவட்டக் கலை மன்ற விருதுகளுக்கும் விண்ணப்பியுங்கள். 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, அதற்கு மேல் சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று வயதுவாரியாக உண்டு. அரசு விழாக்களில் பெயர் பேசப்பட இது ஒரு வழி.

சம்பளம் பேசும்போது தொகையை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வண்டி யார் செலவு, சாப்பாடு உண்டா, சவுண்டு அவர்களுடையதா, மழை வந்து ரத்தானால் முன்பணம் என்ன ஆகும் என்று ஆறு விஷயத்தையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். மீதியை மேடை ஏறும் முன் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள், இரவு 12 மணிக்குப் பொருளாளரைத் தேடி அலைந்து பார்த்தால் நினைப்பை மாற்றிக்கொள்வார்கள்.

ஒரே நாளில் இரண்டு மேடை ஒப்புக்கொள்வது சீசனில் வரும் பெரிய சபலம். மார்த்தாண்டத்தில் 7 மணி, ஆரல்வாய்மொழியில் 9 மணி என்று காகிதத்தில் எழுதினால் முடியும் போலத்தான் தெரியும். முதல் மேடை அரை மணி தாமதமாகும், தக்கலையில் நெரிசல் இருக்கும், கடைசியில் இரண்டு ஊரிலும் கெட்ட பெயர். முடியாத நாளுக்கு உங்களுக்கு நிகரான இன்னொருவரை அனுப்பி வையுங்கள். சுமாரானவரை அனுப்பினால் அடுத்த வருடமும் உங்களையே கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. நடப்பது வேறு: அந்த ஊர் இரண்டு பேரையுமே விட்டுவிடும். நல்லவரை அனுப்பினால், அவர் தனக்கு முடியாத நாளை உங்களுக்குத் தருவார்.

வானொலி

1984இல் தொடங்கிய நாகர்கோவில் வானொலி நிலையம் பக்கத்திலேயே இருந்தும் நம் பிள்ளைகள் அதை அதிகம் எண்ணுவதில்லை. பாட்டு, நாடகம், நாட்டுப்புறக் கலை என்று தனித்தனியாகக் குரல் தேர்வு உண்டு. தேறியவர்களுக்கு பி, பி ஹை, ஏ, டாப் என்று தரம் தருகிறார்கள். பணத்தைப் பார்த்துப் போக வேண்டாம். எழுதியதைக் காட்சி தெரியாத ஒருவருக்குப் புரியும்படி பேசுவது, குறிப்பிட்ட நிமிடத்துக்குள் முடிப்பது, காகிதம் புரளும் சத்தம் மைக்கில் விழாமல் வாசிப்பது ஆகிய மூன்றும் டப்பிங்குக்குப் போகும்போது அப்படியே உதவும்.

டப்பிங் பற்றி ஒரு வார்த்தை. மலையாளத்திலிருந்து தமிழுக்கு வரும் படங்களுக்கும் தொடர்களுக்கும் இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் தேவை. குரல் கொடுப்பதைவிட, உதட்டசைவுக்குப் பொருந்தும்படி வசனம் எழுதுவதில் நம்மவர்களுக்கு இடம் அதிகம். ‘ப’, ‘ம’ போல உதடு மூடும் எழுத்து திரையில் எங்கே வருகிறதோ அங்கேயே தமிழிலும் உதடு மூட வேண்டும். வாக்கிய நீளமும் பொருந்த வேண்டும். ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை எடுத்து எழுதி, நீங்களே பேசிப் பதிந்து, சத்தத்தை அணைத்த படத்தோடு ஓட்டிப் பார்த்தால் எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும். குரல் கொடுப்பவருக்கு நம் ஊர் இழுப்புதான் இடைஞ்சல். நாளும் இருபது நிமிடம் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்துப் பதிந்து கேளுங்கள். வாக்கியத்தின் கடைசியை மேலே தூக்கி முடிக்கும் பழக்கம் அதில்தான் பிடிபடும்.

மேற்கே 70 கிலோமீட்டர்

களியக்காவிளை தாண்டினால் இன்னொரு சினிமா இருக்கிறது. திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டுடியோ, கழக்கூட்டத்தில் கின்ஃப்ரா திரைப்பட வளாகம், ஆண்டுதோறும் டிசம்பரில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா. 1996 முதல் நடக்கும் விழா இது. குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் தனியாக இன்னொரு விழாவும் உண்டு. பிரதிநிதி அட்டைக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிய வேண்டும், மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. காலை ரயிலில் போய் மூன்று படம் பார்த்துவிட்டு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னைக்காரர்கள் அறை எடுத்துத் தங்க வேண்டிய விழா நமக்குப் போய்வரும் தூரத்தில் இருக்கிறது.

விழாவில் பெரிய இயக்குநரைப் பிடித்து செல்ஃபி எடுப்பது வீண். வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்கள் திரைப்பட மாணவர்கள், உதவி இயக்குநர்கள், எடிட்டர்கள், ஒலிப்பதிவாளர்கள். உங்கள் வயதுக்காரர்கள். பார்த்த படத்தைப் பற்றிப் பேச்சு தானே தொடங்கும். "எனக்கு ஒரு ரோல் தருவீர்களா?" என்று முதல் சந்திப்பில் கேட்காதீர்கள். "குறும்படம் எடுக்கிறீங்களா சேட்டா, தமிழ் பேசற ஆள் தேவைன்னா சொல்லுங்க" என்பது வரை போகலாம். தமிழ்க் கதாபாத்திரம் வரும் மலையாளக் குறும்படங்களில் தமிழ் சரியாகப் பேசும் ஆளுக்குத் தட்டுப்பாடுதான். நடிக்கப் போய், வசனத்தையும் திருத்திக் கொடுத்துவிட்டு வந்தால் அந்த யூனிட் உங்களை இரண்டு வேலைக்கு நினைவில் வைக்கும்.

பெண்கள் போகும்போது கவனிக்க வேண்டியது: 2024 ஆகஸ்டில் வெளியான ஹேமா கமிட்டி அறிக்கை மலையாள சினிமாவில் பெண்கள் பட்ட பாட்டை எழுத்திலேயே வைத்துவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். அந்தக் குழுவில் யார் என்று தயாரிப்பு மேலாளரிடம் முதல் நாளே கேளுங்கள். கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயமுறுத்தும் யூனிட்டுக்குப் போகாமல் இருப்பதே நல்லது. ஹோட்டல் அறையில் ஆடிஷன் என்றாலும் அப்படியே.

யூனிட் நம் ஊருக்கு வரும்போது

1981இல் பாரதிராஜா முட்டத்தில் படமெடுத்த காலத்திலிருந்தே யூனிட்டுகள் இங்கே வந்துபோகின்றன. முட்டம், திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம், தோவாளைப் பூச்சந்தை, முப்பந்தல் காற்றாலை என்று இடத்துக்குக் குறைவில்லை. வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நின்று ஹீரோவுக்குக் கையசைத்தால் ஒன்றும் நடக்காது. வந்தவர்களுக்குத் தேவை உள்ளூர் விவரம் தெரிந்த ஆள். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அனுமதிக்குத் திருவனந்தபுரம் போக வேண்டும். இதைத் தெரியாமல் நாகர்கோவிலில் இரண்டு நாள் அலையும் மேனேஜருக்கு நீங்கள் ஒரு போன் காலில் உதவலாம். வட்டக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. மீனவ ஊர்களில் பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் பார்க்காமல் டிரைபாடு ஊன்ற முடியாது. காட்டுப் பகுதிக்கு வனத்துறை. ட்ரோன் பறக்கவிட அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்து வரைபடத்தில் அந்த இடம் என்ன நிறம் என்று முதலில் பார்க்க வேண்டும், கூடங்குளம் அணுமின் நிலையம் பக்கத்தில் இருக்கிறது.

இப்படி உதவும்போது சம்பளம் பேசியே உதவுங்கள். இலவசமாக ஓடியவரை ‘லோக்கல் பையன்’ என்றுதான் கூப்பிடுவார்கள், பேசி வாங்கியவரை லொகேஷன் மேனேஜர் என்று எண்ணில் சேமிப்பார்கள். நடிக்க விருப்பம் என்பதை வேலை முடிகிற கடைசி நாளில், அசோசியேட் இயக்குநரிடம் சொல்லி, காணொளி இணைப்பை அனுப்பிவிட்டு நகருங்கள்.

அடிமுறை எனும் நம் தற்காப்புக் கலையைக் கற்றவர்களுக்கும் இங்கே ஒரு வழி உண்டு. ஆனால் சண்டைக் காட்சிக்கு அடி விழாமல் அடிப்பதைத் தனியாகக் கற்க வேண்டும். ஆசானிடம் படித்த வேகத்தோடு கேமரா முன் கை வீசினால் எதிராளிக்குக் காயம்தான்.

கையில் இருக்க வேண்டியவை

மூன்று புகைப்படங்கள்: முகம் மட்டும், இடுப்பு வரை, முழு உருவம். பகல் வெளிச்சம், வெறும் சுவர், பில்டர் கூடவே கூடாது. தாடி வைத்தாலோ எடுத்தாலோ புதுப் படம். போட்டோவில் ஒருவர், நேரில் வேறொருவர் என்றால் அன்றைய ஆடிஷன் அதோடு முடிந்தது.

நடிப்புக் காணொளி 60 முதல் 90 விநாடி. போனைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். பின்பக்கக் கேமரா, 1080பி போதும். ஜன்னலுக்கு எதிரே முகம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டினால் முகம் கறுத்துப்போகும். சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நின்றால் நிழல் விழாது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். நம் ஊர்க் கடல் காற்றுக்கு ஜன்னலையும் சாத்த வேண்டும். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று இருந்தால் நல்லது. திரையைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டி வைக்காவிட்டால் நீங்கள் அசையும்போதெல்லாம் படம் மங்கிப் பிரகாசிக்கும். எதிர் வசனம் சொல்பவர் லென்சுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், உங்களைவிட மெல்லப் பேசட்டும். பெயர், வயது, உயரம், ஊர், மொழிகள் பதினைந்து விநாடியில். பிறகு நாஞ்சில் பேச்சில் ஒரு காட்சி, பொதுத் தமிழில் ஒன்று, முடிந்தால் மலையாளத்தில் ஒன்று, தனித்தனிக் கோப்பாக.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் தரம் நசுங்கும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது கூகுள் டிரைவ் இணைப்பு. இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற அமைப்புக்கு மாற்ற மறந்து அனுப்புபவர்கள் ஏகப்பட்ட பேர். ஐம்பது காணொளி பார்க்க வேண்டிய உதவி இயக்குநர் அனுமதி கேட்டுக் காத்திருக்கமாட்டார், அடுத்ததற்குப் போய்விடுவார்.

செய்தி இப்படி இருக்கலாம்: "வணக்கம் சார். நான் தக்கலையிலிருந்து (பெயர்). வயது 24, உயரம் 172 செ.மீ. தமிழ், மலையாளம் இரண்டும் சரளம். சென்ற மாதம் (குறும்படம்) செய்தோம், அதன் ஒளிப்பதிவாளர் உங்கள் எண்ணைக் கொடுத்தார். 60 விநாடிக் காட்சி இணைப்பில் இருக்கிறது. குமரிப் பேச்சு தேவைப்படும் வேடம் வந்தால் சொல்லுங்கள், இரண்டு நாள் அவகாசம் இருந்தால் வந்துவிடுவேன்." எண் கொடுத்தவரிடம், அவர் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். வெறும் ‘ஹாய்’ அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதும், முன்செய்தி இல்லாமல் அழைப்பதும் எண்ணைப் பிளாக் செய்ய வைக்கும்.

நோட்டும், மறுபடி கேட்பதும்

ஒரு நோட்டு போடுங்கள், போனில் இருந்தாலும் சரி. பெயர், என்ன வேலை, எங்கே பார்த்தது, யார் மூலம், கடைசியாகப் பேசிய தேதி, அவர் என்ன சொன்னார், நாம் அவருக்கு என்ன செய்வதாகச் சொன்னோம். கடைசிக் கட்டம்தான் முக்கியமானது. அனுப்புவதாகச் சொன்ன போட்டோவை அனுப்பாமல் விட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து வாய்ப்புக் கேட்பவர்கள் அதிகம்.

முதல் செய்திக்குப் பதில் இல்லையென்றால் மூன்று வாரம் கழித்து ஒரு வரி. அதற்கும் இல்லையென்றால் புதிதாகக் காட்ட ஒன்று இருக்கும்போது மட்டும் அனுப்புங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. "சார் ஞாபகம் இருக்கா?" என்பதில் அவருக்கு ஒன்றும் இல்லை. "புதுக் குறும்படம் முடிந்தது, நான்கு நிமிடம்" என்றால் பார்க்க ஒரு பொருள் இருக்கிறது. பதில் தராதவரின் எண்ணை அழிக்காதீர்கள். படம் நின்றுபோயிருக்கலாம், அவர் வேறு யூனிட்டுக்குப் போயிருக்கலாம். உதவி இயக்குநர்கள் பல வருடம் உதவியாளர்களாகவே இருந்துவிட்டுத்தான் தனிப் படம் செய்கிறார்கள். அந்த வருடங்களில் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருப்பவரை அவர்கள் முதல் படத்தில் நினைப்பார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை நோட்டைப் புரட்டி, இரண்டாவது முறை கூப்பிட்டவர்களை எண்ணுங்கள். நூறு எண் இருந்தும் திரும்பக் கூப்பிட்டவர் யாருமே இல்லையென்றால் குறை பழக்கத்தில் இல்லை. நேரம், குரல், மனப்பாடம், நடந்துகொள்ளும் விதம் இவற்றில் ஏதோ ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். எது என்று மைக் செட்காரரிடமே கேளுங்கள். பூசி மெழுகாமல் சொல்வார்.

சென்னை

படிப்பாகப் போவதென்றால் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் முதலியவற்றுக்கு நாலு வருடப் பட்டப்படிப்பு இருக்கிறது. நடிப்புக்கு 1977இல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்கள். இந்த இரண்டும் இல்லாமல் வெறும் கையோடு போவதானால், போனை எடுக்கக்கூடிய மூன்று பேராவது அங்கே இருக்க வேண்டும், ஆறு மாதச் செலவுக்குப் பணம் வேண்டும், அங்கேயே செய்யக்கூடிய பக்கவேலை ஒன்று வேண்டும். வீடியோ எடிட்டிங் தெரிந்தால் நல்லது, அதுவே சினிமாக்காரர்கள் நடுவில் உட்காரவைக்கும். முதல் தடவை ஒரு வாரத்துக்கு மட்டும் போய், ஏற்கெனவே செய்தியில் பழகியவர்களை நேரில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். சினிமாத் தொழிற்சங்க உறுப்பினர் அட்டைக்கு அவசரப்பட வேண்டாம். எந்தப் பிரிவில் நிலைக்கப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு, அந்தச் சங்க அலுவலகத்திலேயே நேரில் விசாரித்து ரசீதோடு கட்டுங்கள்.

காசு, காகிதம், ஏமாற்று

பான் எண் இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள். கம்பெனிகள் கலைஞர் ஊதியத்தில் வழக்கமாக 10 விழுக்காடு வரி பிடிப்பார்கள். பான் இல்லையென்றால் 20. பிடித்ததை உங்கள் பெயரில் கட்டியிருக்கிறார்களா என்று வருமான வரித் தளத்தில் பார்க்கலாம், கணக்குத் தாக்கல் செய்தால் வருமானத்துக்கு ஏற்பத் திரும்பக் கிடைக்கும். சின்ன வேடத்துக்கும் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, பயணம் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

யூடியூப் சேனல் வைப்பவர்கள் சினிமாப் பாட்டைப் பாடிப் பதிவேற்றினால் விளம்பரப் பணம் பெரும்பாலும் பாட்டு உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்கே போகும். வாங்கிய கரோக்கி டிராக்காக இருந்தாலும் அப்படித்தான். முழு விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது ஷார்ட்ஸில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. சொந்தப் பாட்டு, சொந்த நகைச்சுவை இருந்தால் மட்டுமே இதில் உட்காருங்கள்.

பிள்ளைகளை நடிக்க அனுப்பும் பெற்றோருக்கு: படப்பிடிப்பு நடக்கும் மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் வாங்கியிருக்க வேண்டும். நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, இடைவேளை இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 விழுக்காடு பிள்ளையின் பெயரில் வைப்புநிதியில் போட வேண்டும். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள்.

ஆடிஷனுக்குக் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், கதாபாத்திரம் உறுதி செய்ய டெபாசிட், சங்க அட்டை வாங்கித் தரக் கமிஷன் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது வேலை இல்லை. வேலை கொடுப்பவர் பணம் தருவார், கேட்கமாட்டார். பெரிய கம்பெனி பெயரில் செய்தி வந்தால், அந்தக் கம்பெனியின் அதிகாரப்பூர்வப் பக்கத்தில் அப்படி அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் இருக்கும் உங்கள் மூன்று பேரில் ஒருவரிடம் அந்த மேனேஜர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அனுப்பிவிட்டோம், ஏமாந்துவிட்டோம் என்றால் வெட்கப்பட்டு மூடி வைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துச் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணம் கணக்கிலிருந்து எடுக்கப்படும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. யுபிஐ பரிவர்த்தனை எண்ணும், வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். அந்த உரையாடலை மட்டும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.